பாறை மடியில் ஓர் அரண்மனை

அமெரிக்காவைப் "புது உலகம்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 1492-ஆம் வருஷத்தில் கொலம்பஸ் போய்ப் பார்க்கும் வரையில் அந்தக் கண்டம் கடலுக்கடியில் மூழ்கிக் கிடந்தது போலவும், அவருடைய கப்பலைக் கண்ட பிறகே மேலே எழும்பி வந்தது போலவும் நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். போதாக்குறைக்கு, நம்முடைய தேசத்தைத் தேடிக்கொண்டு கிளம்பிய அந்த மனிதர் வேறெங்கோ போய் இறங்கி, அங்கே குடியிருந்தவர்களுக்கெல்லாம் "இந்தியர்" என்று நம்முடைய பெயரையே சூட்டிவிட்டார். ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயர் அவர்களை விட்டபாடில்லை. அப்படிப் பெயர் சூட்டப்பட்டவர்களின் முன்னோர், கொலம்பஸுக்கு இருநூறு முந்நூறு வருஷம் முன்னால் கட்டிய வீடுகளைப் பார்ப்பதற்காக, ஒரு சனி ஞாயிறு விடுமுறையில் நாங்கள் நால்வர் கொலொராடோ மாகாணத்தின் தென்மேற்கு மூலைக்குச் சென்றோம்.

அந்த இடத்துக்கு மெஸா வெர்டே என்று பெயர். ஸ்பானிய மொழியில் "பச்சை மேஜை" என்று பொருள். டுராங்கோ என்னும் சிறு பட்டணத்திலிருந்து மேற்கே சுமார் 35 மைல் மோட்டாரில் போனால் அதன் அடிவாரம் வருகிறது. தூரத்திலிருந்து பார்க்கும்போது, யாரோ ஒரு ராட்சதன் சாப்பிடுவதற்காகச் சமவெளியில் ஒரு மேஜையைப் போட்டு அதன்மேல் பச்சைக் கம்பளத்தை விரித்துவிட்டுப் போனது போலவே இருக்கிறது. அருகில் சென்ற பிறகுதான் அந்த மேஜை 1,000 அடிக்கு மேல் செங்குத்தாக நிற்பதும், அதன்மேல் ஏறுவதற்குப் பாதை வளைந்து வளைந்து போவதும் தெரிகின்றன. வண்டி ஓட்டியவர் பாதையைப் பார்த்தார். மற்ற மூவரும் பள்ளத்தைப் பார்த்தோம். ஆகையால் வண்டிக்குள் சம்பாஷணைக்கே இடமில்லாமல் போயிற்று.

மேலே ஏறியதும் ஜூனிப்பர் மரங்களும், பின்யோன் என்னும் குட்டைப் பைன் மரங்களும் இரு புறமும் அடர்ந்து வருகின்றன. ஆங்காங்கே இலையோ பட்டையோ இல்லாமல் வெள்ளிக் கம்பிகளைப் போல் நிற்கும் மரங்கள், 2000-ஆம் வருஷத்துக் காட்டுத் தீயில் கருகியவை. அந்த மேட்டு நிலத்தின் மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்துக்கு 8,500 அடிக்கு மேல். அங்கே நின்று திரும்பினால் கொலொராடோ, யூட்டா, அரிஸோனா, நியூ மெக்ஸிகோ ஆகிய நான்கு மாகாணங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. மேற்கே ஒரு மலை, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கும் மனிதனைப் போல் கிடக்கிறது. யூட் என்னும் ஜாதியாரின் மலை அது. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டியிருக்கும்.

இவ்வளவு தூரம் வந்தும் ஒரு பழைய வீட்டைக் கூடக் காணவில்லையே என்று நண்பர் ஒருவர் முணுமுணுக்கத் தொடங்கினார். பூங்கா வாசலைத் தாண்டியும் இருபது மைலுக்கு மேல் போகவேண்டியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் பத்தடி நடந்தோம். திடீரென்று பூமி முடிந்து போயிற்று! காலடியில் ஒரு பெரும் பிளவு. எதிர்ப்புறத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்த மணற்கல் சுவர். அந்தச் சுவரின் நடுவே, மேலிருந்தும் எட்ட முடியாமல், கீழிருந்தும் எட்ட முடியாமல், பாறை வாயைத் திறந்தது போன்ற ஒரு குடைவு. அந்தக் குடைவுக்குள்ளே சதுரமாகவும் வட்டமாகவும் கோபுரங்கள். அவற்றில் சின்னச் சின்னக் கறுப்பு வாசல்கள். மலைக்குள் யாரோ ஒரு நகரத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றியது. முணுமுணுத்த நண்பர் பேச்சை நிறுத்தினார்.

இத்தகைய குடைவு வீடுகள் மட்டும் மெஸா வெர்டேயில் சுமார் 600 இருக்கின்றன. மேட்டு நிலத்தின் மேலுள்ள பழங் குழி வீடுகள், இடிந்த ஊர்கள், வயல் வரப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 5,000 இடங்கள். கி.பி. 550-க்குச் சமீபத்தில் இங்கே குடியேறியவர்கள் முதலில் தரையில் குழி தோண்டிக் கூரை போட்டு வாழ்ந்தார்கள். பிறகு தரைக்கு மேல் மண்ணாலும் கல்லாலும் கட்டினார்கள். ஆறு நூற்றாண்டுக்கு மேல் வெயிலும் காற்றும் படும் மேட்டிலேயே குடியிருந்துவிட்டு, 1190-ஐ ஒட்டிய காலத்தில்தான் பாறைக் குடைவுகளுக்குள் இறங்கினார்கள். அங்கே அவர்கள் இருந்தது நூறு வருஷங்கூட இல்லை. உலகத்துக்கெல்லாம் பெயர் போன அந்த வீடுகள் அவர்களுடைய நெடுங் கதையின் கடைசி அத்தியாயத்தைச் சேர்ந்தவையே.

சனிக்கிழமை பிற்பகலில் "பால்கனி வீடு" என்று பெயர் பெற்ற குடைவுக்குப் போனோம். அதற்கு முன்கூட்டியே டிக்கட் வாங்கிக் கொள்ளவேண்டும். பூங்கா அதிகாரி ஒருவர் துணையில்லாமல் உள்ளே விடுவதில்லை. எங்களுக்கு வாய்த்தவர் உத்தியோக உடுப்பும் அகன்ற தொப்பியும் அணிந்த ஓர் அம்மாள். இருதய நோய் உள்ளவர்களும் உயரத்தைக் கண்டு தலை சுற்றுகிறவர்களும் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று அவர் கேட்டபோது எல்லோரும் அவரவருடைய கால்களைப் பார்த்துக் கொண்டு பேசாதிருந்தோம். 32 அடி உயரமுள்ள மர ஏணி ஒன்று பாறைமேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஏறும்போது எதிரேயுள்ள பாறையை மட்டும் பார்ப்பது உத்தமம்.

வீட்டைவிட்டு வெளியேறும் வழி இதைவிட விசேஷமானது. 12 அடி நீளமுள்ள ஒரு சுரங்கம். அதன் அகலம் 18 அங்குலம். அதற்குள் தவழ்ந்துதான் போகவேண்டும். எங்களில் சற்றுப் பருத்த திருமேனி படைத்த நண்பர் அதன் வாயில் நின்று நெடுநேரம் யோசித்தார். கடைசியில் மூச்சை இழுத்து அடக்கிக் கொண்டு நுழைந்து, மறுபுறத்தில் முழங்கையெல்லாம் புழுதியாக எழுந்து நின்றபோது அந்நியர்கள் கூடக் கை தட்டினார்கள். இந்தச் சுரங்கத்தின் பொருள் விளங்குவதற்கு ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. எத்தனை பெரிய கூட்டம் பகையாக வந்தாலும் இதன் வழியாக ஒருவர் பின் ஒருவராக, அதுவும் தலையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் வரமுடியும். உள்ளேயிருப்பவர் ஒரே ஒரு தடியுடன் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆனால் பயம் ஒன்றுக்காகவே அவர்கள் குடைவுக்குள் இறங்கினார்கள் என்று நினைப்பது சரியல்ல. பால்கனி வீட்டின் பின்பக்கத்தில், பாறையின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கொண்டிருக்கிறது. மேட்டில் பெய்யும் மழையும் உருகும் பனியும் மணற்கல்லின் நுண்ணிய துவாரங்கள் வழியே மெதுவாகக் கீழே இறங்குகின்றன. மணற்கல்லுக்கு அடியில் களிப்பாறை அடுக்கு ஒன்று இருக்கிறது. அது தண்ணீரை உள்ளே விடாது. ஆகவே நீர் பக்கவாட்டில் திரும்பி, பாறைச் சுவரின் முகத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. குளிர்காலத்தில் இதே நீர் பாறைக்குள் உறைந்து விரிந்து, பொருக்குப் பொருக்காகக் கல்லைப் பெயர்த்து விழச் செய்கிறது. இப்படித்தான் குடைவே உண்டாயிற்று. வீட்டுக்கு இடம் தோண்டிக் கொடுத்ததும் தண்ணீர். குடிக்க வந்ததும் அதே தண்ணீர். அத்துடன் தெற்கும் மேற்கும் நோக்கிய குடைவுகளில் குளிர்காலத்துத் தாழ்ந்த சூரியன் உள்ளே வரை வெயிலை வீசுகிறது. கோடையில் சூரியன் உச்சிக்கு ஏறிவிடுவதால் மேலேயுள்ள பாறையே நிழல் கொடுக்கிறது. மின்சார விசிறியும் கணப்புச் சட்டியும் இல்லாமல் இவ்வளவு வசதி செய்து கொண்டவர்களை "காட்டு மனிதர்" என்று எழுதிய புத்தகங்களும் உண்டு!

ஞாயிற்றுக்கிழமை காலையில் "பாறை அரண்மனை"க்குப் போனோம். வட அமெரிக்காவிலுள்ள குடைவு வீடுகளில் மிகப் பெரியது இதுதான். இதற்கு "அரண்மனை" என்ற பெயரைக் கொடுத்தவர்கள் வெளியிலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள். இங்கே சிங்காதனம் இல்லை, அந்தப்புரம் இல்லை, ராஜா இருந்ததற்கு அடையாளமும் இல்லை. சுமார் 150 அறைகளும் 23 கீவாக்களும் இருக்கின்றன. இவற்றில் பல, தானியம் சேர்த்து வைக்கும் அறைகள். குடியிருந்தவர்கள் நூறு பேருக்கு அதிகம் இருக்க மாட்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர் அபிப்பிராயம். மெஸா வெர்டேயிலுள்ள மற்றக் குடைவுகளில் முக்காற்பங்கு ஒன்று முதல் ஐந்து அறை வரையே கொண்டவை. அவற்றோடு பார்த்தால் இது பட்டணந்தான்.

சுவர்களை அருகில் நின்று பார்க்கவேண்டும். இரும்பு அவர்களுக்குத் தெரியாது, சக்கரம் கிடையாது, பாரம் சுமக்க மாடோ குதிரையோ கிடையாது. மணற்கல்லை அதைவிடக் கடினமான கல்லால் கொத்திக் கொத்திச் செங்கல்லைப் போல் ஆக்கியிருக்கிறார்கள். மண்ணும் தண்ணீரும் சாம்பலும் சேர்த்துப் பிசைந்த சாந்து. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிறு கற்களைத் திணித்து இறுக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் அந்தச் சாந்தின்மேல், அதை அழுத்திய விரல்களின் அடையாளம் இன்னும் பதிந்திருக்கிறது. நான்கு அடுக்கு உயரமுள்ள சதுர கோபுரம் ஒன்றின் உட்சுவரில் செங்காவி நிறத்தில் கோடுகளும் கோலங்களும் தீட்டியிருக்கிறார்கள். தலையை ஜன்னலுக்குள் நீட்டி மேலே பார்த்தால் அவை தெரிகின்றன. எண்ணூறு வருஷத்துக்கு முந்திய வர்ணம் அது என்பதை மனத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீவா என்பது தரைக்கு அடியில் வட்டமாகக் கட்டிய ஓர் அறை. கூரையின் நடுவிலுள்ள துவாரத்தின் வழியாக ஏணியில் இறங்க வேண்டும். அதே துவாரம் புகை போகும் வழியும் ஆகும். பக்கத்தில் ஒரு குழல் வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. காற்று நேரே அடுப்பின்மேல் வீசாதபடி நடுவில் ஒரு சிறு தடுப்புச் சுவர். அடுப்புக்கு அப்பால் தரையில், ஒரு கை நுழையும் அளவுக்கு ஒரு சிறிய குழி. அதற்குச் சிபாபு என்று பெயர். ஆதியில் மனிதர்கள் கீழுலகத்திலிருந்து இந்த உலகத்துக்கு ஏறி வந்த வாசலின் ஞாபகம் அது. இதையெல்லாம் வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கலாம். கண்டுபிடிக்கவில்லை, கேட்டுத் தெரிந்து கொண்டார்கள். இன்றைக்கும் அரிஸோனாவில் ஹோபி கிராமங்களிலும், நியூ மெக்ஸிகோவில் ரியோ கிராண்டே நதியை ஒட்டிய ஊர்களிலும் கீவாக்கள் இருக்கின்றன. பூஜைகளும் விழாக்களும் நடக்கின்றன. பிறத்தியார் உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான்.

பெண் வாசகர்கள் ஒன்று கேட்பார்கள்: அவர்கள் என்ன சமைத்தார்கள்? மக்காச்சோளம், பூசணி, அவரை வகைகள். இவற்றைப் பள்ளத்தில் அல்ல, மேலேயுள்ள மேட்டில் பயிரிட்டார்கள். வீட்டிலிருந்து வயலுக்குப் போகப் பாறைச் சுவரில் விரலும் கால்நுனியும் பதியும்படி குழிகள் வெட்டியிருக்கிறார்கள். அறுவடைக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு அந்தக் குழிகளைப் பற்றி இறங்கினார்கள் என்று கேட்டபோது, ஏணியில் ஏறியதைப் பற்றி அதுவரை பெருமை பேசிக் கொண்டிருந்த நாங்கள் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். வான்கோழி வளர்த்தார்கள்; அதன் இறகைக் கயிற்றில் சுற்றிப் போர்வை பின்னினார்கள். சோளத்தை மாவாக்கியது கல்லின்மேல் கல்லை வைத்துத்தான். நம் வீட்டு அம்மியையும் குழவியையும் அப்படியே அங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் மணற்கல் அம்மி. மாவோடு மணலும் சேர்ந்து வந்தது. வயது முப்பதுக்குள்ளாகவே பற்கள் தேய்ந்து போயின. பிறந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி ஐந்து வயதைக் காணவில்லை. வெள்ளைச் சட்டியில் கறுப்புக் கோடுகளால் அவ்வளவு அழகான சித்திரம் தீட்டிய கைகள் இத்தகைய வாழ்க்கைக்கு நடுவேதான் அதைச் செய்தன.

பிறகு ஒரு தலைமுறைக் காலத்துக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். 1285-க்குப் பிறகு இங்கே குடியிருந்ததற்குத் தடயமில்லை. இந்த வருஷக் கணக்குகள் கிடைத்தது ஒரு வானசாஸ்திரியின் தயவால். டக்ளஸ் என்பவர் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பூமியின் மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராயப் புகுந்தார். பழைய காலத்து மழைக் கணக்கை யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு மரங்களிடம் போனார். மழை பெய்த வருஷத்தில் மரத்தின் வளையம் அகலமாக இருக்கும். பெய்யாத வருஷத்தில் குறுகியிருக்கும். வெட்டிய மரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, பழைய வீடுகளின் உத்தரங்களோடு பொருத்திக் கொண்டே போனார். நடுவில் ஓர் இடைவெளி விழுந்து, பாழடைந்த வீடுகளின் கணக்கு இந்தப் பக்கத்துக் கணக்கோடு சேராமல் அந்தரத்தில் நின்றது. 1929-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அரிஸோனாவில் ஷோ லோ என்னும் ஊரில் பாதி கருகிய உத்தரக்கட்டை ஒன்று அகப்பட்டது. அதன் வளையங்கள் இடைவெளியை மூடிவிட்டன. அன்று முதல் அந்தப் பிரதேசத்தின் பாழ் வீடுகளுக்கெல்லாம் தேதி சொல்ல முடிந்தது.

அதே வளையங்கள் 1276 முதல் 1299 வரையில் கொடிய வறட்சி நிலவியதையும் சொல்கின்றன. மழை பொய்த்தது ஒரு காரணம். மரம் வெட்டி வெட்டிக் காடு குறைந்தது, மண் சாரம் இழந்தது, ஊருக்கு ஊர் சண்டை மூண்டது எல்லாம் மற்றக் காரணங்கள். தெற்கே மழையும் நதியும் இருந்த இடங்களில் புதிய ஊர்களும் புதிய வழிபாடுகளும் தோன்றி அழைத்தன. கையில் எடுத்துக் கொண்டு போகக் கூடியதை எடுத்துக் கொண்டு, பானைகளையும் அம்மிகளையும் வைத்தது வைத்தபடி விட்டு, குடும்பம் குடும்பமாக நடந்தார்கள்.

இதற்குப் பிறகு வரும் கதைதான் முக்கியமானது.

1888-ஆம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி, ரிச்சர்ட் வெதரில் என்ற மாட்டுப் பண்ணைக்காரரும் அவருடைய மைத்துனரும், தப்பிப் போன மாடுகளைத் தேடிக்கொண்டு பனியில் வந்தபோது, எதிர்ப் பாறையில் இந்த அரண்மனையைக் கண்டார்கள். கண்டார்கள் என்பது மெய். "கண்டுபிடித்தார்கள்" என்பது அவ்வளவு மெய் அல்ல. பள்ளத்தாக்கில் வாழ்ந்த யூட் ஜாதியார் இந்த வீடுகளை நெடுங்காலமாக அறிவார்கள். அறிந்து, இறந்தவர்களுடைய இடம் என்று ஒதுங்கியிருந்தார்கள். வெதரில் சகோதரர்கள் ஒதுங்கவில்லை. பானைகளையும் கூடைகளையும் மனித உடல்களையும் தோண்டியெடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள், விற்றார்கள். இவற்றின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழும்போதெல்லாம் தயாரான பதில் ஒன்று இருந்தது: "அந்த ஜனங்கள் மாயமாக மறைந்துவிட்டார்கள்." பத்திரிகைகளும் புத்தகங்களும் அந்த "மறைந்த ஜாதி"யைப் பற்றி உருகி உருகி எழுதின. அவர்களுக்கு அனாசாசி என்ற பெயரும் வழங்கலாயிற்று. அது நாவஹோ மொழிச் சொல். பகைவருடைய முன்னோர் என்பது போன்ற பொருள் உடையது. தாத்தாவுக்கு அயல் வீட்டுக்காரன் வைத்த வசைப் பெயரைப் பேரப் பிள்ளைகள் விரும்புவார்களா? விரும்பவில்லை. "புவெப்லோ மக்களின் முன்னோர்" என்றே சொல்லவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதன் பேரில் இப்போது பூங்காவிலும் அப்படியே சொல்கிறார்கள்.

பேரப் பிள்ளைகளா? ஆம். புவெப்லோ என்றால் ஸ்பானிய மொழியில் ஊர். நியூ மெக்ஸிகோவில் 19 ஊர்களும், அரிஸோனாவில் ஹோபி கிராமங்களும், டெக்ஸாஸில் ஓர் ஊரும் இன்றும் இருக்கின்றன. மாயமாக மறைந்தவர்கள் மறைந்து போன தூரம் மோட்டாரில் அரை நாள் பிரயாணம்! அவர்கள் மறைந்திருந்தார்களா என்பதை ஸ்பானியரைக் கேட்டால் தெரியும். 1680-ஆம் வருஷத்தில் போபே என்னும் பெரியவர், ஸ்பானிய ஆட்சியையும் பாதிரிமாரின் கொடுமையையும் ஒழிக்கத் திட்டமிட்டார். எழுத்து வழக்கமில்லாத, வெவ்வேறு பாஷை பேசும் ஊர்களுக்கு எப்படிச் செய்தி அனுப்புவது? முடிச்சுப் போட்ட கயிறுகளை ஓட்டக்காரர்களிடம் கொடுத்தனுப்பினார். தினம் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டியது. கடைசி முடிச்சு அவிழும் நாளில் எல்லா ஊரும் ஒன்றாக எழவேண்டியது. ஓட்டக்காரர் இருவர் பிடிபட்டதால் குறித்த நாளுக்கு முன்பே, ஆகஸ்டு 10-ந் தேதி, கிளர்ச்சி மூண்டது. ஸ்பானியர் சாண்டா பே நகரத்தை விட்டு ஓடினார்கள். 12 வருஷம் திரும்பிவர முடியவில்லை. வாஷிங்டனில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தில் 2005 முதல் போபேயின் சிலை நிற்கிறது. கையில் முடிச்சுக் கயிறு இருக்கிறது.

கதையை மெஸா வெர்டேக்குத் திருப்புவோம். 1891-ஆம் வருஷத்தில் கஸ்டாப் நோர்டென்ஷல்ட் என்ற 23 வயது ஸ்வீடன் வாலிபர் வந்தார். புகழ் பெற்ற துருவ யாத்திரைக்காரரின் குமாரர். வெதரில் சகோதரர்களின் துணையுடன் கோடை முழுவதும் தோண்டினார். மற்றவர்களைப் போல் கண்டபடி தோண்டவில்லை. அளந்தார், எண்ணிட்டார், படம் பிடித்தார். 1893-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தை ஆராய்ச்சியாளர் இன்றும் மெச்சுகிறார்கள். ஆனால் தோண்டிய சாமான்களை டுராங்கோவில் ரயில் ஏற்றப் போன சமயத்தில் உள்ளூர் ஜனங்கள் கொதித்தெழுந்து அவரைக் கைது செய்வித்தார்கள். எந்தச் சட்டப்படி தண்டிப்பது என்று தேடினால், அப்படி ஒரு சட்டமே அமெரிக்காவில் இல்லை! வாலிபரை விட்டுவிட்டார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட பொருள்களும், அவற்றோடு இறந்தவர்களின் உடல்களும் எலும்புகளும் கடல் கடந்து போய், கடைசியில் பின்லாந்து தேசத்து ஹெல்ஸிங்கி மியூஸியத்தில் சேர்ந்தன. கடல் கடந்து போன விக்கிரகங்களைப் பற்றி அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கொலொராடோவின் ஸ்திரீகள் கிளம்பினார்கள். வர்ஜினியா மக்ளர்க், லூஸி பீபடி என்ற இருவர் தலைமையில் பெண்கள் சங்கங்கள் கூட்டம் போட்டன, நிதி திரட்டின, வாஷிங்டனுக்கு மனுக்கள் அனுப்பின. கடைசியில் தலைவிகள் இருவருக்கும், பாதுகாப்பு பெண்கள் சங்கத்தின் வசம் இருக்க வேண்டுமா, மத்திய சர்க்கார் வசம் இருக்க வேண்டுமா என்று பிணக்கு உண்டாயிற்று. பீபடி அம்மாளின் கட்சி வென்றது. 1906-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், புராதனச் சின்னங்களைக் காக்கும் சட்டமும், மெஸா வெர்டேயைத் தேசீயப் பூங்காவாக்கும் சட்டமும் மூன்று வாரத்துக்குள் அடுத்தடுத்து நிறைவேறின. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இரண்டிலும் கையெழுத்திட்டார்.

மிக நல்ல காரியம். அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லைக் கோடு போட்ட பிறகு பார்த்தால், முக்கியமான வீடுகள் பல கோட்டுக்கு வெளியே யூட் ஜாதியாரின் நிலத்தில் இருந்தன. அந்த நிலத்தைக் கொடுக்கும்படி அவர்களை நெருக்கி, 1913-இல் மாற்று நிலம் கொடுத்து எடுத்துக் கொண்டார்கள். தங்களுக்குச் சொந்தமான மலையையே தங்களுக்கு மாற்றாகக் கொடுப்பது என்ன நியாயம் என்று யூட் பெரியவர்கள் கேட்டார்கள். மேற்கே படுத்திருக்கும் மனிதனைப் போல் தெரிந்தது என்று சொன்னேனே, அந்த மலைதான்.

இன்னொன்றும் அதே 1906-இல் நடந்தது. தாவோஸ் என்னும் ஊர் நியூ மெக்ஸிகோவில் இருக்கிறது. மண் வீடுகள் அடுக்கடுக்காக எழும்பிய ஊர். அங்கே ஜனங்கள் நூற்றாண்டுகளாக இடைவிடாமல் வசித்து வருகிறார்கள். அந்த ஊராரின் புண்ணிய தீர்த்தம் மலைமேலுள்ள நீல ஏரி. அதே ஜனாதிபதியின் உத்தரவினால் அந்த ஏரியும் அதைச் சூழ்ந்த காடும் தேசீய வனத்தில் சேர்க்கப்பட்டன. முன்னோர் வாழ்ந்த காலி வீடுகளுக்குப் பாதுகாப்பு; உயிரோடிருந்த பேரர்களிடமிருந்து தீர்த்தம் பறிமுதல். இரண்டும் ஒரே வருஷம். தாவோஸ் ஊரார் அறுபத்து நான்கு வருஷம் வழக்காடினார்கள். நஷ்டஈடாகப் பணம் தருகிறோம் என்றபோது, பணம் வேண்டாம், ஏரிதான் வேண்டும் என்றார்கள். 1970-ஆம் வருஷம் டிசம்பரில் ஜனாதிபதி நிக்ஸன் 48,000 ஏக்கர் நிலத்துடன் ஏரியைத் திருப்பிக் கொடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

எலும்புகளின் விஷயம் இன்னும் தாமதமாயிற்று. மியூஸியங்களில் இருக்கும் மூதாதையர் உடல்களையும் ஈமப் பொருள்களையும் சந்ததியாரிடம் ஒப்புவிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் பிறந்தது 1990-இல். அந்தச் சட்டம் பின்லாந்தைக் கட்டுப்படுத்தாது. ஹோபி, ஸூனி, அக்கோமா, ஸீயா ஆகிய ஊரார் முன்னின்று கேட்டார்கள். 2019-இல் இரு தேசத்து ஜனாதிபதிகளும் இசைந்தார்கள். 2020-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், இருபது பேருடைய எலும்புகளும், அவர்களோடு புதைத்திருந்த 28 பொருள்களும் ஹெல்ஸிங்கியிலிருந்து வந்து சேர்ந்து, மெஸா வெர்டே மண்ணில் மறுபடியும் அடக்கம் செய்யப்பட்டன. மற்றப் பொருள்கள் பெரும்பாலும் மியூஸியத்திலேயே தங்கின. அடக்கம் செய்த இடத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. நாங்களும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

பாறை அரண்மனையிலிருந்து மேலே ஏறி வரும் பாதை, பாறையின் இடுக்கு ஒன்றின் வழியாகப் போகிறது. அந்த இடுக்கில் பழைய விரற்குழிகள் இப்போதும் இருக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே பிரயாணிகளுக்காகக் கல் படிகளும் ஏணிகளும் அமைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கிக் கொண்டு மேலே வந்து சேர்ந்ததும், பருத்த நண்பர் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் கடைசியாக ஒரு தடவை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம். அடுத்த கூட்டம் உள்ளே இறங்கிக் கொண்டிருந்தது. ஒரு சிறு பெண் அந்தச் சதுர கோபுரத்தின் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

போகும் வழியில் ஒரு கடையில் புவெப்லோ பெண்கள் செய்த மண்பாண்டங்களை வைத்திருந்தார்கள். வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடுகள். காலையில் மியூஸியத்துக் கண்ணாடிக்குள் பார்த்த கிண்ணத்தின் தங்கை என்று சொல்லும்படி ஒரு சிறிய கிண்ணம், அக்கோமா ஊரிலிருந்து வந்தது. அந்த ஊர்ப் பெண்கள் பழைய பானை ஓடுகளைப் பொறுக்கி வந்து, அம்மியில் இடித்துப் பொடியாக்கிப் புதுக் களிமண்ணோடு சேர்த்துப் பிசைவது வழக்கம். அப்படிச் செய்தால் சுடும்போது பானை வெடிக்காதாம். விலையைக் கேட்டு நாங்கள் மூவர் பின்வாங்கினோம். முணுமுணுக்கும் வழக்கமுடைய நண்பர் மட்டும் ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு வண்டியில் ஏறினார்.